கல்லியோப் என்று வாசிக்கும் வீடு

யாராவது என்னிடம் ஒரு புத்தகத்தை நீட்டி "சும்மா ஒரு பக்கம் வாசிங்க" என்றால், நான் புத்தகத்தைப் பார்க்க மாட்டேன். நீட்டுகிறவர் முகத்தைத்தான் பார்ப்பேன். சோழியன் குடுமி சும்மா ஆடாது. தமிழ்ப்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள் நான். ஒருவர் சொல்லும் 'சும்மா'வில் சும்மா எவ்வளவு, உள்நோக்கம் எவ்வளவு என்று பிரித்து எடுக்க எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் இதைச் சந்தேகப் புத்தி என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர் செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் நாள் முழுக்க இயந்திரங்களோடு இருக்கிறவர். இயந்திரத்துக்கு நடிக்கத் தெரியாது.

என் புத்தி வீண்போகாது என்பதற்கு ஒரு சாட்சியும் உண்டு. மகளுக்கு முதலில் ஓர் இடம் வந்தது, உலு யாம் பக்கம். பையன் நல்ல வேலை, நல்ல பேச்சு. எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்கக் கைப்பேசியைக் கவிழ்த்தே வைத்திருந்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. எல்லாரும் என்னைத் திட்டினார்கள். நான் விடாமல் தோண்டினேன். கடைசியில் பார்த்தால் ஐயாவுக்கு வேறோர் ஊரில் ஏற்கெனவே பதிவுத் திருமணம் ஆகியிருந்தது. என்னைத் திட்டினவர்கள் எல்லாம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். மகள் மட்டும் அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை. சில வருஷம் அப்படியே ஓடிப்போனது.

பிறகு அவளே ஒருநாள் வந்து சொன்னாள். புக்கிட் பெருந்துங்கில் அவள் வேலை செய்யும் தொழிற்சாலையிலேயே ஒரு எஞ்சினியர். கோலசிலாங்கூர்க்காரர். சிலோன்காரக் குடும்பம்.

"மா, இவரத் தவிர வேற யாரையும் நான் கட்டிக்க மாட்டேன். ஆனா ரெண்டு வீட்டுலயும் மனசார சரின்னு சொல்லாம, ஒளிஞ்சு போயி ரெஜிஸ்டர் பண்ணவும் மாட்டேன். நீங்க வேணாம்னா சொல்லிடுங்க. நான் இப்படியே இருந்துக்கிறேன். சண்டலாம் போட மாட்டேன்."

சண்டை போடுகிறேன் என்றால் சமாளித்திருப்பேன். இப்படிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பவளை என்ன செய்வது? முப்பதைத் தாண்டியவள். என் ஒரு சொல்லில் அவள் வாழ்க்கை நிற்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தே இருந்தது.

சிலோன்காரக் குடும்பம் என்றதும் எனக்கு ஏன் மனம் ஒட்டவில்லை என்று சொல்ல வேண்டும். நான் பிறந்தது கோலசிலாங்கூர் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டினார். அந்தத் தோட்டத்துக் கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர். கணக்கு, பேர்ப்பதிவு, கடிதம், எல்லாம் அவர் கையில். அவர் வீட்டுக்கு அப்பா எதற்காவது போனால் செருப்பை வேலிக்கு வெளியே விட்டுவிட்டு, மணலில் நின்றுதான் பேசுவார். நானும் கூட நின்றிருக்கிறேன். கிராணியார் வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலில் நின்றுகொண்டு, நாங்கள் பேசியதை அப்படியே திருப்பிப் பேசிக் காட்டுவார்கள். "வந்துகிட்டு", "போயிகிட்டு" என்று எங்கள் இழுவையோடேயே இழுப்பார்கள். கேலி என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் நாங்கள் சொன்னதைத்தான் சொன்னார்கள். அதுதான் அதில் இருந்த சாமர்த்தியம். அந்தப் பிள்ளைகள் யாரும் இந்தக் குடும்பத்துக்கு உறவில்லை. இருந்தாலும் சூடு கண்ட பூனை நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொன்னார்கள். புக்கிட் பெருந்துங்கிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை வழியாகப் போனோம். செம்பனை லோரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போனதில், என் வீட்டுக்காரர் மூன்று பழைய பாட்டுகளை முழுதாகப் பாடி முடித்தார். வீடு மலாவத்தி குன்றுக்குக் கீழே, ஒரு சின்ன தாமானில், குடியிருப்பில். குரங்குகள் வேலி மேல் வரிசையாக உட்கார்ந்து எங்களை இறங்கவிடாமல் பார்த்தன. பையனின் அப்பா கம்பை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்து அவற்றை விரட்டினார். ஒல்லியான மனிதர், தபால் இலாகாவில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாக இந்த நாட்டில் இருந்தும் பேச்சில் யாழ்ப்பாணம் கொஞ்சமும் போகவில்லை.

"வாங்கோ, வாங்கோ டீச்சர். சப்பாத்தை உள்ளுக்கு வையுங்கோ, குரங்கு தூக்கிக்கொண்டு போயிடும்."

செருப்பை உள்ளே வைக்கச் சொன்னார். அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, குரங்குக்காகத்தானே சொன்னார் என்றும் நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பையனின் அம்மா வைத்த நண்டுக் கறியும் சொதியும் இப்போதும் நாக்கில் நிற்கின்றன. அதிகம் பேசாத அம்மா, பரிமாறும் கை மட்டும் நிற்கவில்லை. வில்லங்கம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்தது. பையனின் அப்பா அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துவந்தார். பழைய ஆங்கிலக் கவிதைத் தொகுப்பு, அட்டை உரிந்து நூல் தெரிந்தது. அவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது வெள்ளைக்கார மானேஜர் விட்டுப்போனதாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வீட்டில் ஆளுக்கொரு பக்கம் வாசிப்பது வழக்கமாம். பையனின் அம்மா வாசித்தார். பையன் வாசித்தான். பிறகு புத்தகம் என் பக்கம் திரும்பியது.

"விருப்பமெண்டால் நீங்களும் சும்மா ஒரு பக்கம் வாசியுங்கோ."

வந்ததா சும்மா! பெண் பார்க்கப் போனால் பெண்ணைப் பாடச் சொல்வார்கள். இங்கே பெண்ணின் அம்மாவை வாசிக்கச் சொல்கிறார்கள். ஆங்கில டீச்சர் என்று சொல்லிக்கொள்கிறாளே, தேறுவாளா என்று பார்க்கிறார்கள். சரி, பார்த்துக்கொள்ளட்டும் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

அந்தக் காலத்து ஆங்கிலக் கவிஞர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நம்மவர்கள் காப்புச் செய்யுளில் சரஸ்வதியைக் கூப்பிடுவது போல, அவர்கள் பழைய கிரேக்கத் தெய்வங்களைக் கூப்பிடுவார்கள். என் பக்கத்தில் அப்படி ஒரு தேவதை நின்றாள், கவிதைக்கு அதிபதி. பெயரின் கடைசி எழுத்து ஈ. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கில் நான் ஒரு விதியைப் பாட்டாகவே பாடிக் கொடுத்திருக்கிறேன். கடைசியில் நிற்கும் ஈ வாய் திறக்காது, முன்னால் நிற்கும் எழுத்தைத்தான் பேசவைக்கும். ஹோப், ரோப், கேக், கேம். அந்தப் பாட்டு என் எலும்பில் ஏறியிருக்கிறது. குரலை உயர்த்தி, சந்தேகமே இல்லாமல் "கல்லியோப்" என்று வாசித்தேன்.

பையன் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தான். அவன் அம்மா எழுந்து தேநீர் போடப் போனார். பையனின் அப்பா புத்தகத்தை வாங்கி அடுத்த பக்கத்தை வாசித்தார். அதிலும் அந்தத் தேவதை வந்தாள். அவர் நிதானமாக, அழுத்தம் திருத்தமாக "கல்லியோப்" என்றார். எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

திரும்பி வரும்போது பின்சீட்டிலிருந்து மகள் மெதுவாகக் கேட்டாள்.

"மா, அந்தப் பேரு... போன தடவ நான் மட்டும் போனப்ப அங்கிள் வேற மாதிரி வாசிச்சாரு. கலையபின்னு."

"எந்தப் பேரு?"

"நீங்க கல்லியோப்னு வாசிச்சீங்கல்ல."

நுணலும் தன் வாயால் கெடும். வண்டியில் வீட்டுக்காரர் ஏதோ பாடிக்கொண்டிருந்தார், நிறுத்தச் சொன்னேன். போன முறை சரியாக வாசித்தவர் இந்த முறை ஏன் தப்பாக வாசித்தார்? நான் சொன்னதை அப்படியே ஏன் திருப்பிச் சொன்னார்? அதுவும் அத்தனை அழுத்தம் திருத்தமாக? ஜன்னலில் நின்ற அந்தப் பிள்ளைகள் கண் முன்னால் வந்தார்கள். எனக்குக் காது வரைக்கும் சுட்டது.

"மனுஷன் ஏதோ மறந்து வாசிச்சிருப்பாருலா," என்றார் வீட்டுக்காரர். "நீ ஏன் அத நோண்டிக்கிட்டு இருக்க?"

"வெளுத்ததெல்லாம் பால்னு நினைக்கிறவங்களுக்கு இதெல்லாம் புரியாது," என்றேன்.

அடுத்த நாளே படிக்க உட்கார்ந்தேன். அடுத்த முறை அந்தப் புத்தகம் என் கைக்கு வரும்போது ஒரு பெயரிலும் நான் தடுமாறக் கூடாது என்பதுதான் வைராக்கியம். கைப்பேசியில் தேடினால் ஒரே பெயரை நான்கு குரல்கள் நான்கு விதமாகச் சொல்கின்றன. ஒருவன் வாயில் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிறான். இன்னொன்று மனிதக் குரலே இல்லை, இயந்திரம். அது எல்லாப் பெயரையும் ஒரே தைரியத்தோடு சொல்கிறது, அதனாலேயே அதை நம்பவில்லை. ஒரு கிரேக்கப் பெண் தன் ஊரில் இன்றைக்குச் சொல்கிறபடி சொன்னாள். கேட்க அழகாக இருந்தது, ஆனால் அதுவும் எனக்கு வேண்டியதில்லை.

போகப் போகத்தான் ஒன்று விளங்கியது. கிரேக்கர்கள் எப்படிச் சொன்னார்கள் என்பது இங்கே கேள்வியே இல்லை. அந்தக் காலத்து ஆங்கிலேயன் தன் பள்ளிக்கூடத்தில் எப்படிக் கேட்டானோ, தன் நாக்குக்கு எப்படி வளைந்ததோ, அப்படித்தான் கவிதையில் வைத்தான். எங்கள் தாத்தாக்களின் பெயர்களைத் தோட்டத்துப் பேர்ப்பதிவில் கடித்துத் துப்பின அதே நாக்குதான். முனியாண்டியும் அவன் வாயில் அகப்பட்டார், கிரேக்க சாமிகளும் அகப்பட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டதும் அந்தச் சாமிகள் மேல் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது.

அவன் வளைத்ததற்கும் ஒழுங்கு உண்டு. இந்தப் பெயர்களில் கடைசி ஈ வாய் திறக்கும். மறதி ஆறு லீதி, லீத் இல்லை. பெயரின் தொடக்கத்தில் பி-யும் எஸ்-உம் சேர்ந்து வந்தால் பி ஊமை, ஆகவே சைக்கி. சி-எச் வந்தால் க. நாட்டியத்துக்கு ஒரு தேவதை இருக்கிறாள், டெர்ப்சிக்கரி. முதல்முறை பார்த்தபோது அதை என்னவோ சிக்கன் கறி மாதிரி வாசித்துவிட்டு நானே சிரித்தேன். இதற்கெல்லாம் மேலே ஒரு நீதிபதி இருக்கிறார், தாளம். அந்தப் பழைய கவிதையில் பெரும்பாலும் வரிக்கு ஐந்து தட்டு, மெதுவாக ஒன்று பலமாக ஒன்று. எங்கள் பின்சந்தில் கோயில் திருவிழாவுக்கு உருமி மேளம் பழகிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே சமையலறை மேசையைத் தட்டித் தட்டி வாசித்துப் பார்த்தேன். கல்லியோப் என்று வைத்தால் வரி நொண்டியது. கலையபி என்று வைத்ததும் எழுந்து நடந்தது. எந்த இயந்திரக் குரலையும் கேட்க வேண்டியதில்லை, வரியே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்தேனா? இல்லை. வரி நொண்டுவது எனக்கே கேட்கிறது என்றால், வாழ்நாளெல்லாம் வாசிக்கிற அந்த மனிதருக்குக் கேட்காமலா இருக்கும்? தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். சந்தேகம் ஆணியடித்த மாதிரி ஆகிவிட்டது.

இரண்டாம் முறை போனபோது நல்ல மழை. இந்த முறை புத்தகத்தை அவர் நீட்டும் முன்பே கையை நீட்டினேன். லீதி, சைக்கி, டெர்ப்சிக்கரி, எல்லாரும் வரிசையில் வந்தார்கள், ஒருவரிடமும் தடுமாறவில்லை. கடைசியில் அவள் வந்தாள். "கலையபி" என்று வாசித்து, நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்தேன். இது நான் வைத்த பொறி. மறந்து சொன்னவர் என்றால் இப்போது என்னோடு சேர்ந்து சரியாகச் சொல்வார். கேலிக்காரர் என்றால் தெரிந்துவிடும்.

அவர் முகம் ஒரு நொடி குழம்பியது. பிறகு புத்தகத்தை வாங்கினார். தன் பக்கத்தை வாசித்தார்.

"கல்லியோப்," என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். தேநீர் வந்தது, குடிக்கவில்லை. தலைவலி என்று சொல்லி, மழையிலேயே கிளம்பிவிட்டோம்.

வண்டி தாமானைத் தாண்டியதும் சொன்னேன். "இந்த இடம் வேணாம். என் தப்ப எனக்கே காட்டிக் காட்டி விளையாடுறாரு அந்த ஆளு. இன்னிக்கு எனக்கு, நாளைக்கு உனக்கு. அந்த வீட்டுல நீ வாயத் திறக்குறப்பலாம் திருப்பிச் சொல்லிக் காட்டுவாங்க."

"சரி மா," என்றாள்.

அவ்வளவுதான். கேள்வி இல்லை, அழுகை இல்லை. பையனிடமும் சொல்லிவிட்டாள். வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள், தட்டைக் கழுவிவைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பையனோடு சாப்பிடப் போவாள், அதுவும் நின்றது. சாயங்காலம் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் அவள் காது நிமிரும், அடுத்த வீட்டுக்காரன் வண்டி என்று தெரிந்ததும் மறுபடி கைப்பேசிக்குத் திரும்பிவிடுவாள். முதல் இடத்தைக் கலைத்தபோது கையில் ஆதாரம் இருந்தது. இப்போது என் கையில் இருந்தது ஒரு பெயர் மட்டும்.

வீட்டுக்காரர்தான் ஒருநாள் பொறுக்காமல் கேட்டார். "ஒரு பேருக்காவா புள்ள வாழ்க்கையக் கெடுக்கிற?"

"பேருக்கு இல்லங்க. மரியாதைக்கு."

"அப்ப நேரா போயி அவருகிட்டயே கேளுலா. நீயே போலீசு, நீயே வக்கீலு, நீயே ஜட்ஜு. அந்த மனுஷன ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லைதான். அடுத்த ஞாயிறு, மகள் ஷிப்டுக்குப் போயிருந்தபோது, யாருக்கும் சொல்லாமல் நானே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என்ன கேட்க வேண்டும் என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். எல்லாமே சண்டையில்தான் முடிந்தன.

வண்டியைத் தாமான் முனையில், கடலுணவுக் கடைக்குப் பக்கத்தில் விட்டேன். ஏன் வீட்டு வாசலில் விடவில்லை என்று கேட்டால், சொல்லாமல் வருகிறவர்களுக்குத்தான் வீடு உள்ளபடி தெரியும் என்பது என் கொள்கை. வேலிப் பக்கம் வந்ததும் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. கண்ணாடிப் பட்டை ஜன்னல் திறந்திருந்தது. ஆமாம், நின்று கேட்டேன். நல்ல பழக்கம் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் நல்ல பழக்கத்தோடு வரவில்லை.

அவர் வாசித்துக்கொண்டிருந்தார். அதே புத்தகம். வரி ஓடிவந்து, அந்த இடத்தில் நொண்டியது. "கல்லியோப்."

இன்னொரு குரல் வெடித்துச் சிரித்தது. "உதென்ன அண்ணை, கல்லியோப்? கலையபி எல்லோ! எங்கட ஐயா கேட்டிருந்தால் பிரம்பைத் தூக்கியிருப்பார். உங்களுக்கு வயசு போட்டுது."

தம்பி என்று புரிந்தது. கோலாலம்பூரில் பெரிய கல்லூரியில் இருந்தவர் என்று மகள் சொல்லியிருந்தாள்.

"இந்த வீட்டில இனி அப்பிடித்தான்," என்றார் அவர். "சம்பந்தியம்மா அப்பிடித்தான் வாசிச்சவ."

நான் இன்னும் சம்மதமே சொல்லவில்லை. வேண்டாம் என்றே சொல்லியாகிவிட்டது. சம்பந்தியம்மா என்கிறார்.

"பிழையெண்டு சொல்லியிருக்கலாமே?"

"சம்பந்தி வீட்டாளுக்குப் பிழை சொல்லுறதோ? ஐயா எங்களுக்கு அதுவோ பழக்கினவர்? முதன்முதலா வீட்டுக்கு வந்து, என்ர கதிரையில இருந்து வாசிச்சவ. அவ டீச்சர். நான் அடுத்த பக்கத்தில மாத்தி வாசிச்சால், ஆக்களுக்கு முன்னால அவவின்ர முகம் என்னாகும்?"

"சரி, அண்டைக்கு விடுங்கோ. போன முறை அவவே சரியா வாசிச்சவ எண்டு அண்ணி சொன்னவ."

"ஓம். ஆரோ சொல்லிப்போட்டினம் போல. நான் உடன மாத்தினால், முதல்நாளே எனக்குத் தெரிஞ்சிருந்தது எண்டு அவவுக்கு விளங்கிடும். பிறகு என்னெண்டு இங்க வந்து இருப்பா?"

"அவையள்தான் சம்பந்தமே வேண்டாமெண்டிட்டினமே அண்ணை. இனி ஆருக்காக?"

பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் சொன்னார். "வேண்டாமெண்டது அவையின்ர விருப்பம். அதுக்காக முன்னால ஒரு மாதிரியும் பின்னால ஒரு மாதிரியும் என்னால வாசிக்கேலாது. விடு."

மறுபடியும் வாசிக்க ஆரம்பித்தார்.

வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு குரங்கு பக்கத்துத் தூணில் உட்கார்ந்து என்னையே பார்த்தது. அதற்கும் என் மேல் சந்தேகம் போல. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஜன்னலில் நின்று எங்கள் பேச்சைத் திருப்பிச் சொன்ன பிள்ளைகளும் நாங்கள் சொன்னதைத்தான் சொன்னார்கள். இவரும் நான் சொன்னதைத்தான் சொன்னார். காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தானே கேட்கும்? நான் எப்படிக் கண்டுபிடித்திருப்பேன்? அதற்காக என்னை நானே ரொம்பவும் திட்டிக்கொள்ளத் தயாராக இல்லை. ஆனால் வெட்கமாக இருந்தது. அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் இந்த வீட்டுக்கு வந்திருந்தால் செருப்பை எங்கே விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்டைச் சத்தமாகத் திறந்தேன். அவர்தான் முதலில் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது, கேட்டிருப்பேனோ என்று. பிறகு சமாளித்துக்கொண்டார்.

"வாங்கோ டீச்சர், வாங்கோ. தனியவோ வந்தனீங்கள்?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன் சார்," என்றேன். என் வாயிலிருந்து சும்மா.

செருப்பைக் கழற்றி உள்ளே வைத்தேன். தம்பி எழுந்து கும்பிட்டார். உதட்டு ஓரத்தில் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. இவர்தான் அந்த டீச்சரா என்று பார்வை மேலும் கீழும் போனது. பையனின் அம்மா சமையலறையிலிருந்து வந்து, என்னைப் பார்த்து, என்ன செய்வது என்று தெரியாமல் தண்ணீர் எடுக்கத் திரும்பினார்.

"வாசிச்சுக்கிட்டு இருந்தீங்க போல," என்றேன். "குடுங்க. நானும் ஒரு பக்கம் வாசிக்கிறேன்."

அவர் தயங்கினார். தம்பியைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், கொடுத்தார். அவர் கதிரை என்று சொன்ன அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தேன். லீதியை லீதி என்றேன், சைக்கியைச் சைக்கி என்றேன். தம்பி புருவத்தை உயர்த்தினார். அந்தப் பெயர் வருவதற்கு இரண்டு வரி முன்னாலேயே அறை மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவர் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லியோப்," என்று வாசித்தேன். குரலை உயர்த்தி, முதல் நாள் சொன்ன அதே மாதிரி. வரி நொண்டியது. நொண்டட்டும்.

தம்பி சிரித்தேவிட்டார். "மன்னிக்கோணும் டீச்சர், அது வந்து..."

"தெரியும் சார்," என்றேன். "மத்தவங்க எப்படிச் சொல்றாங்கன்னும் தெரியும். எங்க வீட்டுல இப்படித்தான். எங்க சம்பந்தி வீட்டுலயும் இப்படித்தான்."

பையனின் அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேலியில் நின்று கேட்டிருக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மா தண்ணீர்ச் செம்போடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"பரிசத்துக்கு நாள் பாருங்க சம்பந்தி," என்றேன். "எங்க பக்கம் எல்லா ஞாயிறும் தோதுதான்."

"ஓம்," என்றார். அந்த அம்மாதான் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். தம்பி பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தார். அந்தத் தம்பி மேல் மட்டும் எனக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

கடலுணவுக் கடைக்குப் பக்கத்தில், வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு மகளைக் கூப்பிட்டேன். தொழிற்சாலை இரைச்சல் கேட்டது.

"பரிசப் புடவ என்ன கலர்ல வேணும்னு யோசிச்சு வச்சுக்க," என்றேன்.

மறுமுனையில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், அவள் போகவில்லை. என் வயிற்றில் பிறந்தவள் அல்லவா, உடனே நம்பிவிடுவாளா?

"மா, இதுல ஏதாச்சும் இருக்கா? உண்மையச் சொல்லுங்க."

"ஒன்னும் இல்லடி. கோலசிலாங்கூருக்கு வந்தேன். பேசிட்டேன்."

"அங்கிள் இன்னும் அந்தப் பேர அப்படித்தான் வாசிக்கிறாரா?"

"அப்படித்தான் வாசிக்கிறாரு."

"நீங்க?"

"நானும்தான்."

அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.